இரண்டு மீட்டர் ஆறு

முதலில் கால்களைச் சூடாக்க வேண்டும்.
லேவார்டனில் ஜனவரி. மிதிவண்டியில் வந்த பாதங்கள்
கால்வாய்த் தண்ணீரின் நிறத்தில் இருக்கின்றன.
குளிர்ந்த நரம்பு மெதுவாகப் பேசும்,
அதை நோயென்று எழுதிவிடக் கூடாது.
வெந்நீர்ப் பை, கம்பளி, பத்து நிமிடம்.
தோல் முப்பத்திரண்டைத் தொட்டதும் தொடங்குகிறேன்.

ஷூர்ட் ஹைலக்மா, தூர்வாரும் படகில் வேலை.
கட்டிலைத் தாண்டி நீள்கின்றன கணுக்கால்கள்;
இவரைப் போன்றவர்களுக்கென்றே ஒரு நாற்காலி,
அதன்மேல் மடித்த துண்டு.
உயரம் கேட்டேன். "இரண்டு மீட்டர் ஆறு."
சுவரில் நிறுத்தி அளந்தேன். ஆறேதான்.
(நெட்டையானவர்கள் குறைத்துச் சொல்வார்கள்,
குட்டையானவர்கள் கூட்டி.
எடையை யாரும் சொல்வதே இல்லை.)

கணுக்காலில் ஒரு சொடுக்கு.
அவரைக் கேட்காமலே கட்டைவிரல் துள்ளுகிறது.
அதே அதிர்வு எதிர்த்திசையிலும் ஏறும்:
கெண்டைக்கால், முழங்கால் மடிப்பு, தொடை,
இடுப்பின் இடுக்கு, தண்டுவடம்.
அங்கே கதவைத் தட்டிவிட்டு
வந்த வழியே இறங்கி
விரலை இன்னொரு தரம், லேசாக, அசைக்கும்.
போகவர அறுபத்திரண்டு மில்லிநொடி.
ஐம்பத்தாறைத் தாண்டினால் சிவப்பு என்கிறது அட்டவணை.

அந்த அட்டவணைக்காக யாரை அளந்தார்கள் என்று
எனக்குத் தெரியும். நூற்றுச் சொச்சம் மாணவர்கள்.
நானும் ஒருத்தி: இருபத்திரண்டு வயது,
ஒரு மீட்டர் அறுபத்தெட்டு.
கைக்கு ஒரு உணவுச் சீட்டு தந்தார்கள்.
இயல்பு என்பது அன்று மதியம்
பசியோடு வரிசையில் நின்ற நாங்கள்.

"உங்களுக்குத் தெரியாததா," என்றேன் ஷூர்ட்டிடம்,
"நீளமான வாய்க்காலில் கடைமடைக்குத்
தண்ணீர் பிந்தித்தானே சேரும்."
நரம்பும் நுனிக்குப் போகப் போக மெலிந்து
கொஞ்சம் தயங்கி நடக்கிறது என்கிறார்கள்.
உயரத்துக்கான திருத்தம் போட்டேன்.
சிவப்பு கறுப்பானது.

அவர் மகிழவில்லை.
"அப்படியானால் ராத்திரியில் எரிகிறதே, அது?"
என் கருவி பருத்த நரம்புகளை மட்டும் கேட்கும்.
எரிச்சலைச் சுமப்பவை நூலிழைகள்,
அதன் காதுக்கு எட்டாதவை. டாக்டரிடம் சொல்கிறேன் என்றேன்.
காலுறை மாட்ட அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.
குனிய அவ்வளவு தூரம்.

பதினொன்றரைக்குப் பௌக்யே.
"நூற்று முப்பத்தொரு கிலோ. கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்."
ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள்.
வேறு மருத்துவமனையின் தாள் ஒன்று பையில்:
பாதங்களில் நரம்புச் சிதைவு.
"இரண்டு வருஷமாக மாத்திரை. ஆனால் பாருங்கள்,
மிதிக்கட்டைகளை நான் குனிந்து பார்த்ததே இல்லை,
ஒரு சுரம் தப்பியதும் இல்லை."

பஞ்சால் தொட்டேன், இசைக்கவையை வைத்தேன்.
கண்ணை மூடியபடி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள்.
திரையில் மட்டும் அலை தட்டையாக இருந்தது, மூன்று.
இரண்டு விரலால் மின்முனையை அழுத்திப் பிடித்தேன்.
நான்கரை.
வேகமோ கச்சிதம்.
தோலுக்கும் நரம்புக்கும் நடுவே
நல்ல கனமான ஒரு திரைச்சீலை, அவ்வளவே.

"முழங்கால் வலி, மூச்சிரைப்பு,
ஒருமுறை காதுக் குத்தல்கூட,
எல்லாம் எடையால் என்றார்கள்.
நீங்களும் அதைத்தானே சொல்லப் போகிறீர்கள்?"
ஆமாம், அதையேதான்.
கூடத்துக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு
வாசிக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.
அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பில்லாமல்
அந்தத் தாளை நான்காக மடித்தாள்.

படிவத்தில் வயதுக்குக் கட்டம் உண்டு.
மற்றதற்கு இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதுகிறேன்,
காலையில் 2.06, இப்போது 131.
கணினியில் ஏற்றுகிறவர் விட்டுவிடக்கூடும்.
கதவருகே அடுத்தவர் காலணியைக் கழற்றுகிறார்.
வெந்நீர்ப் பை ஆறிவிட்டது.